காப்பித் தண்ணீரில் வந்த பாட்டி

எங்கள் வீட்டுக் காப்பித் தூள் டின் அளவுக்கு மீறிக் காலியாகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் என் மாமியார். "என்னம்மா, பள்ளிக்கூடத்துல காப்பிக் கடை ஏதும் வச்சிருக்கியா?" என்று ஒருநாள் கேட்டே விட்டார். சிரித்து மழுப்பினேன். காப்பித் தூளைக் கரைத்து அதில் போட்டோ கழுவுகிறேன் என்று சொன்னால் எந்த மாமியார் நம்புவார்? ஆனால் நடந்தது அதுதான்.

நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பயிற்சிச் சான்றிதழோடு இந்தப் பணிக்கு வந்து 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. இரசாயனம் படித்தவள் அல்ல. படம் பிடிக்கும் கலையிலும் பரிச்சயம் கிடையாது. ஆகையால் இங்கே எழுதுவதெல்லாம் நானும் என் மாணவர்களும் விரலைக் கறையாக்கிக்கொண்டு கற்றவை.

2023ஆம் ஆண்டு, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளியைப் பற்றிய பாடம். "ஒளி நேர்க்கோட்டில் செல்லும்" என்று பலகையில் எழுதிப் போட்டால் 11 பிள்ளைகளும் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையிலும் எழுதுவார்கள், அதோடு தீர்ந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. காலியான மைலோ டின் ஒன்றின் அடியில் ஆணியால் சிறு துளை போட்டு, வாய்ப்புறத்தில் எண்ணெய் தடவிய தாளை இழுத்துக் கட்டிக்கொண்டு போனேன். கறுப்புக் கைலி ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். தாளின்மேல் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைகீழாகத் தொங்கியது. கோயிலுக்கு முன்னால் போன மோட்டார் சைக்கிள், சக்கரம் மேலே இருக்க ஓடியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். கடைசியில் அவரும் கைலிக்குள் தலையை விட்டார்.

கோபுரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி துளை வழியே நேராக இறங்கித் தாளின் அடியில் விழுகிறது. அடிவாரத்து ஒளி நேராக ஏறி மேலே விழுகிறது. தலைகீழாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இப்னு அல்-ஹைதம் என்ற அறிஞர் இருட்டறையில் விளக்குகளை வைத்து இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்.

மணி அடித்த பிறகும் ஒரு சிறுமி மட்டும் போகவில்லை. "டீச்சர், இந்தப் படத்த அப்படியே வச்சிக்க முடியாதா?" என்றாள்.

"கைப்பேசியில எடுத்துக்கலாமே" என்றேன்.

"அம்மா போன் தண்ணியில விழுந்துடுச்சு டீச்சர். அப்பா படம் எல்லாம் அதுலதான் இருந்துச்சு."

அவள் தகப்பனார் முந்தின வருடம்தான் காலமானார். வீட்டில் இப்போது மிஞ்சியிருப்பது அவருடைய அடையாளக் கார்டில் உள்ள தபால்தலை அளவுப் படம் மட்டுமே. அதற்குமேல் எனக்குப் பேச வாய் வரவில்லை. "முடியுமான்னு பாக்கிறேன்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றிரவு தேட ஆரம்பித்தேன். துளைப் பெட்டிக்குள் எண்ணெய்த் தாளுக்குப் பதிலாகப் போட்டோத் தாளை வைத்தால் படம் பதியும் என்பது தெரிந்ததுதான். கறுப்பு வெள்ளைத் தாளை இங்கிலாந்தில் இல்ஃபோர்டு கம்பெனி இன்றும் செய்கிறது; கோலாலம்பூரில் சொல்லி வைத்து வாங்கலாம். ஆனால் பதிந்த படத்தை வெளிக்கொண்டு வரும் மருந்துகளைப் பத்து வயதுப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. அப்போதுதான் காப்பிச் சங்கதி கண்ணில் பட்டது. 1995ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் காப்பித் தூளையும் சலவைச் சோடாவையும் கலந்து படம் கழுவிக் காட்டினார்களாம். வைட்டமின் சி சேர்த்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்பது பிற்பாடு வந்த கண்டுபிடிப்பு.

செய்து பார்க்க விரும்பும் அன்பர்களுக்காக அளவைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், உடனே கரையும் காப்பித் தூள் 40 கிராம். எங்கள் ஊர் மளிகைக் கடையில் சலவைச் சோடா இல்லை. ஆப்ப சோடாதான் இருந்தது. அதனால் நஷ்டமில்லை. ஆப்ப சோடாவை இரும்புச் சட்டியில் போட்டு நன்றாகச் சூடேற வறுத்தால் நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறிச் சலவைச் சோடாவாகிவிடும். 100 கிராம் வறுத்தால் 63 கிராம் அளவு மிஞ்சும்.

முதல் நாள் தோல்விதான். கையில் கிடைத்த த்ரீ-இன்-ஒன் பொட்டலங்களை உடைத்துக் கொட்டிவிட்டேன். பாலும் சீனியும் கலந்த தூளில் காப்பி எவ்வளவு இருக்கப்போகிறது? தாள் போட்டது போட்டபடி கிடந்தது. மறுநாள் கடைக் காப்பித் தூளைக் கொண்டு போனேன். நம் நாட்டுக் காப்பியைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பதால், எவ்வளவு வடிகட்டினாலும் எண்ணெய்ப் பசை தாளில் ஒட்டியது. மூன்றாம் நாள்தான் பாலும் சீனியும் இல்லாத வெறும் தூளை வாங்கினேன். மாமியாரின் டின்னில் கை வைத்ததும் அன்றிலிருந்துதான்.

காப்பி எப்படிப் படம் கழுவுகிறது? போட்டோத் தாளின்மேல் வெள்ளி உப்பு பூசியிருக்கிறது. ஒளி பட்ட துகள்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நேர்கிறது. காப்பியில் உள்ள காஃபீக் அமிலம் போன்ற பொருட்கள் அந்தத் துகள்களைத் தேடிப் பிடித்துக் கறுத்த வெள்ளியாக்குகின்றன. நம்மைத் தூங்கவிடாமல் செய்யும் காஃபீனுக்கு இதில் வேலையில்லை. சோடாவின் காரம் இல்லாமல் வெறும் காப்பிக்கும் அந்தப் பலம் கிடையாது. கலந்ததும் எழும்பும் நாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். காப்பி மணம் கமகமக்கும் என்று நினைத்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். மழையில் நனைந்த பழைய சாக்கு மூட்டையின் நாற்றம் அது. காரம் தோலை அரிக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொண்டோம். கிளாசில் ஊற்றி வைக்கவே கூடாது என்று உத்தரவு போட்டேன். யாராவது குடித்துத் தொலைத்தால்?

பிறகு தேயிலைச் சாற்றையும் புதினாச் சாற்றையும் போட்டுப் பார்த்தோம். இரண்டிலும் படம் வந்தது. ஆனால் காப்பியைவிட நேரம் எடுத்தது, படமும் வெளிறியிருந்தது. இலைச் சாற்றில் படமா என்று வியந்துகொண்டிருந்த எனக்கு இன்னொரு விஷயம் தெரிய வந்தபோது வெட்கமாகவே இருந்தது. போட்டோக் கலையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான டால்பட் என்ற ஆங்கிலேயர், 1840ஆம் ஆண்டு தம் தாள்களில் மறைந்திருந்த படத்தை வெளிக்கொண்டு வரப் பயன்படுத்தியது காலிக் அமிலத்தை. அது எதிலிருந்து கிடைத்தது தெரியுமா? மாசிக்காயிலிருந்து! குளவி முட்டையிடுவதால் ஓக் மரத்தில் உண்டாகும் முடிச்சு அது. மலாய்க்காரர்கள் மஞ்சக்கனி என்பார்கள். கைக்குழந்தைக்கு உரைமருந்து இழைக்கும்போது கடுக்காயோடும் வசம்போடும் நம் பாட்டிமார் அதையும் உரசினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின் பிறப்பிலேயே ஒரு மருந்துப்பெட்டிச் சரக்கு இருந்திருக்கிறது.

இருட்டறைக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது பள்ளியின் பழைய சாமான் அறை. சன்னலுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் அடித்தோம். இந்த வகைத் தாளுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. ஆகவே சிவப்பு விளக்கு ஒன்று இருந்தால் பயமில்லாமல் வேலை செய்யலாம். எங்கள் தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகு காலம் ஆகிறது. இருந்தும் ஒரு பையன் தன் தாத்தாவின் நெற்றி விளக்கைத் தேடி எடுத்து வந்தான். விடியுமுன் மரம் வெட்டப் போனவர் தலையில் எரிந்த விளக்கு. அதன்மேல் சிவப்புக் கண்ணாடித் தாளை நான்கு மடிப்பாகக் கட்டினோம். ஒரு துண்டுத் தாளின்மேல் பத்துக் காசை வைத்து, விளக்கைக் கொஞ்ச நேரம் காட்டிக் கழுவிப் பார்த்தேன். காசு இருந்த வட்டம் தெரியவில்லை. விளக்கு பத்திரமானது என்று அர்த்தம்.

டின்னின் உட்புறம் முழுவதும் கறுப்புச் சாயம் பூசினோம். குளிர்பானக் கேனின் தகட்டை வெட்டி, மெல்லிய ஊசி முனையால் அரை மில்லிமீட்டருக்கு மேற்படாத துளை போட்டு, பிசிறை உப்புத் தாளால் தேய்த்து, டின்னின் பக்கத்தில் ஒட்டினோம். துளைக்கு மூடி ஒரு துண்டுக் கறுப்பு டேப். அவ்வளவுதான் கேமரா. நல்ல வெயிலில் டேப்பை எடுத்து ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். மேகம் மூடினால் நாலைந்து நிமிடம்.

முதலில் எடுத்தது பள்ளிச் சபைகூடல். பள்ளியின் 38 மாணவர்களும் வரிசையில் நின்றார்கள். கழுவிப் பார்த்தால் படத்தில் இருந்தது கொடிக்கம்பமும் தலைமையாசிரியரும் மட்டுமே! பிள்ளைகள் நின்ற இடத்தில் புகை போல ஏதோ ஒன்று. ஒரு நிமிட நேரம் அசையாமல் இருப்பவைதான் இந்தக் கேமராவுக்குத் தெரியும். நெளிபவர்களும் நடப்பவர்களும் காணாமல் போவார்கள். "ஒழுங்கா நின்னது நான் ஒருத்தன்தான்னு இப்பவாவது ஒத்துக்கிறீங்களா?" என்று தலைமையாசிரியர் அந்தப் படத்தைத் தம் மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது அந்தச் சிறுமியின் கதைக்கு வருகிறேன். அவளுக்குத் தன் அப்பாயியைப் படம் பிடிக்க வேண்டும். அந்த அம்மாளுக்கு 78 வயது. 40 வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கை மாறி, அவர்கள் இருந்த லயத்தை அவ்வருடக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். பட்டணத்தில் மூத்த மகனின் அடுக்குமாடி வீட்டுக்குப் போக நாள் குறித்தாகிவிட்டது. "வாசல்ல வச்சி எடுக்கணும் டீச்சர். கதவும் தெரியணும், முருங்கை மரமும் தெரியணும்" என்றாள்.

சனிக்கிழமை காலையில் போனோம். கிழக்குப் பார்த்த வாசல். ஒன்பது மணிக்கு வெயில் கதவின்மேல் நேராக விழுந்தது. பச்சைச் சாயம் உரிந்த அந்தக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தோம். எண்ணெய் தடவித் தலை வாரி, சிவப்புச் சேலை கட்டித் தயாராக இருந்தார். ஒன்றரை நிமிடம் அசையக் கூடாது என்று விளக்கினேன்.

"மூச்சு விடலாமா?" என்று கேட்டார்.

"விடலாம் அப்பாயி, தலைய ஆட்டக்கூடாது."

"பால் எறங்குற வரைக்கும் மரத்தடியில குந்தியிருந்தவதானே நானு. இந்த டின்னுக்கா குந்தமாட்டேன்?"

பேத்தி ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். 90 வரை அந்த அம்மாள் அசையவில்லை. குறுக்கே ஓடிய கோழியும் எங்கோ கத்திய குழந்தையும் அவரை ஒன்றும் செய்யவில்லை.

அன்று மத்தியானமே கழுவினோம். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், பழுப்புத் தண்ணீருக்குள் முதலில் கதவின் சட்டம் வந்தது. பிறகு நாற்காலி. மூன்று நிமிடத்துக்குள் முகம். எதிர்ப்படம் என்பதால் வெயில் பட்ட இடம் கறுப்பாகவும் நிழல் வெள்ளையாகவும் தெரிந்தன. காடி கலந்த தண்ணீரில் போட்டதும் காப்பியின் வேலை நின்றது. பிறகு அதை இன்னொரு புதுத் தாளின்மேல் முகத்தோடு முகமாக வைத்துக் கண்ணாடியால் அமுக்கி, ஒரு விநாடி விளக்குப் போட்டுக் கழுவினோம். நேர்ப்படம் வந்தது. சிவப்பு தெரியாத தாளில் அவருடைய சிவப்புச் சேலை கறுப்பாகவே விழுந்திருந்தது. காற்றில் ஆடிய முருங்கை புகைமூட்டமாக இருந்தது. ஆனால் முகத்தின் சுருக்கங்கள், கதவின் நாதாங்கி எல்லாம் துல்லியம். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. ஈரத்தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

இனி என் தவற்றைச் சொல்கிறேன்.

படம் வந்தால் போதாது. தாளில் ஒளி படாமல் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து வெளியேற்ற வேண்டும். இல்லையேல் அதுவும் நாளாவட்டத்தில் வெளிச்சம் பட்டுப் பட்டுக் கறுத்துப்போகும். இதற்கு ஹைப்போ என்னும் உப்பு வேண்டும். என்னிடமிருந்த ஹைப்போ முந்தின வாரம் தீர்ந்துவிட்டது. புதியது தபாலில் வந்துகொண்டிருந்தது. சமையல் உப்பும் ஓரளவு அந்த வேலையைச் செய்யும் என்று படித்திருந்தேன். லிட்டருக்கு 300 கிராம் உப்பைக் கரைத்து, ஒரு நாளாவது ஊற வைக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அன்று மாலையே அப்பாயியிடம் காட்ட வேண்டும் என்று அவள் தவித்ததைப் பார்த்து, இரண்டு மணி நேரத்தில் எடுத்து அலசிக் கொடுத்துவிட்டேன். கடுதாசி போல் எளிதாகக் கொடுத்தேன். எதிர்ப்படத்தையும் அப்படியே காய வைத்து மேசை அறைக்குள் போட்டேன்.

அடுத்த வாரம் அவர்கள் போய்விட்டார்கள். லயத்தையும் இடித்துவிட்டார்கள். கதவும் போயிற்று, முருங்கையும் போயிற்று.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். சன்னலோரம் ஒட்டியிருந்தாளாம். தாள் முழுவதும் இருண்ட ஊதாப் பழுப்பு. உற்றுப் பார்த்தால் நாற்காலியின் ஒரு கால் தெரிந்தது. "நான் தண்ணியில போடல டீச்சர்" என்றாள். அவள் மேல்தான் குற்றம் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்! என் அவசரத்தால் வந்த கேடு என்று அவளுக்குப் புரியும்படி சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பிள்ளைகள் முன்னால் தவற்றை ஒப்புக்கொள்ளும் பாடத்தை எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

டால்பட்டும் ஆரம்பத்தில் உப்பைத்தான் நம்பியிருந்தார். வெள்ளி உப்புகளை ஹைப்போ கரைக்கும் என்று 1819இலேயே கண்டிருந்த ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி, 1839இல் அதைப் படங்களுக்குப் பயன்படுத்திக் காட்டிய பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது. அதே ஹெர்ஷல் 1842இல் பூக்களின் சாற்றைத் தாளில் பூசி வெயிலில் வைத்துப் படம் எடுத்ததையும் எழுதியிருக்கிறார். என் மாணவர்கள் மஞ்சளைக் கரைத்துப் பூசி, இலையை மேலே வைத்து வெயிலில் காட்டினார்கள். மஞ்சள் சாயம் வெயிலுக்கு நிற்காது என்பது துணி துவைக்கிற எவருக்கும் தெரியும். மூடிய இடம் மட்டும் மஞ்சளாகத் தங்கி, இலை அச்சாக விழுந்தது. சோடாத் தண்ணீரைத் தெளித்தால் ஆரத்தித் தட்டின் சிவப்பு. அழகுதான். ஆனால் அதை நிலைநிறுத்த ஹைப்போவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. புத்தகத்துக்குள் மூடி வைக்கும்வரை இருக்கும்.

தபாலில் ஹைப்போ வந்து சேர்ந்திருந்தது. மேசை அறையிலிருந்த எதிர்ப்படத்தின் நினைவு வந்தது. இருட்டில் கிடந்ததால் அது முழுவதும் கெடவில்லை. நான் முன்பு வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தது. சிவப்பு விளக்கில் எடுத்து ஹைப்போவில் போட்டேன். இம்முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம் அலசினேன். மறுநாள் அதிலிருந்து புதுப்படம் எடுத்தபோது, கதவு இருந்த பக்கம் வெளுத்துத்தான் போயிருந்தது. முகம் மட்டும் சாம்பல் நிறத்தில் தப்பியிருந்தது. அந்தப் படத்தையும் அதே மாதிரி ஹைப்போவிலும் தண்ணீரிலும் போட்டு எடுத்தேன்.

பள்ளி விடுமுறையில் சிறுமியையும் அவள் தாயாரையும் அழைத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனேன். எட்டாவது மாடி. நடைபாதைக் கம்பிக்குப் பின்னால் நாற்காலி போட்டு, கீழே ஓடும் கார்களைப் பார்த்தபடி அப்பாயி உட்கார்ந்திருந்தார். பேத்தி படத்தை நீட்டினாள். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"என்னடி இது, மூஞ்சி பூரா விபூதி பூசின மாதிரி இருக்கேன்?"

நடந்ததை நான் சொன்னேன். கேட்டாரா என்று தெரியவில்லை. வெளுத்துக் கிடந்த பக்கத்தின்மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழாக மெதுவாகக் கோடு இழுத்தார்.

"கதவு இங்கத்தானே இருந்துச்சு" என்றார். "உங்கப்பன் ஆணியால பேர் கிறுக்கி, எங்கிட்ட அடி வாங்கினது இந்தா, இந்த எடம்."

பேத்தி அவர் மடியோடு சாய்ந்து, விரல் இருந்த இடத்தை உற்றுப் பார்த்தாள்.

"என்ன பேர் எழுதினாரு அப்பாயி?"